ஏடான ஓலையும் கொட்டானான ஓலையும்

பனையோலை தமிழர்க்கு இரு பெரும் பணிகளைச் செய்தது. ஏடாகி இலக்கியத்தைத் தாங்கியது. கொட்டானாகி இல்லத்துப் பொருளைத் தாங்கியது. முன்னதைப் போற்றும் நாம் பின்னதை மறந்தோம் என்பதே எமது வருத்தம்.

செட்டிநாட்டுக் கொட்டானை எடுத்துக்கொள்வோம். பனங்குருத்தோலையை உலர்த்தி, மெல்லிய கீற்றாகக் கிழித்து, சாயமேற்றி முடைவர். நகரத்தார் இல்லப் பெண்கள் தம் வீட்டுத் திருமணங்களுக்குத் தாமே முடைந்தனர். மணி கோத்தும் நூற்பின்னல் உறையிட்டும் அழகு செய்தனர். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் பெருகவே இக்கலை நலிந்தது. பின்னர், 2000ஆம் ஆண்டையொட்டிக் காரைக்குடிப் பகுதியில் பெண்களுக்குப் பயிற்சியளித்து இதனை மீட்டனர். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆயினும், சான்றிதழ் ஓலை முடையாது. மறைந்துகிடந்த ஏடுகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்தார், நூல்கள் பிழைத்தன. முடையும் திறனோ ஏட்டில் இல்லை, விரலில் இருக்கிறது. தாயின் விரலிலிருந்து மகளின் விரலுக்கு அது செல்லாவிடின், பின்னர் எவர் தேடினும் கிட்டாது.

கைவினையைப் புகழ்வோர் பலர். விலை பேசுங்கால் பிளாஸ்டிக் கூடையோடு ஒப்பிட்டுக் குறைத்துக் கேட்போரும் அவரே! உரிய கூலி தராத தொழிலை எந்தத் தாய் தன் மகளுக்குக் கற்பிப்பாள்?

எனவே, நம் இல்லத் திருமணங்களில் விருந்தினர்க்குத் தாம்பூலத்தையும் இனிப்பையும் ஓலைக் கொட்டானில் வழங்குவோம். முடைந்தவர் கேட்கும் நியாயமான விலையைக் குறைக்காது கொடுப்போம். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பாராட்டுவதினும் அதுவே அக்கைகளுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.