கிணற்றுப் பங்கு கேட்ட சனம் நாங்கள்

எங்கட ஊரில காணி உறுதி எழுதேக்க பாருங்கோ. நாலு பக்க எல்லை, கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாத்தையும் நொத்தாரிசு வாசிக்க வேணும், நாங்கள் குறுக்குக் கேள்வி கேட்க வேணும். ஒரு சொல் பிசகினால் பேரப்பிள்ளை காலத்திலயும் வழக்குத்தான். அதே வீட்டுப் பிள்ளைகள் ஸ்டார்ட்அப் தொடங்கினால், முதலீட்டாளர் நீட்டுகிற டேர்ம் ஷீட்டில் 'எத்தனை வீதம்' என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறார்கள். இது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

வீதம் கணக்கு லேசு. இரண்டு நண்பர்கள், ஆளுக்கு 50 பங்கு. முதலீட்டாளருக்கு 20 வீதம் கொடுக்கப் புதிதாக 25 பங்கு வெளியிடுகிறார்கள். மொத்தம் 125, நண்பர்கள் ஆளுக்கு 40 வீதம். டைலூஷன் என்கிறது இதைத்தான். இதில் ஒளிவுமறைவு இல்லை.

ஒளிஞ்சிருக்கிறது 'லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்' என்ற சொல்லுக்குள். கம்பனி விலைபோனால் முதலில் யாருக்குக் காசு என்று சொல்லுகிற வரி அது. அந்த 20 வீதத்துக்கு முதலீட்டாளர் 2 கோடி ரூபாய் போட்டிருக்கிறார், கம்பனி 3 கோடிக்கு விற்கப்படுகிறது என்று வைப்போம். ஆளுக்கு 1 கோடி 20 இலட்சம் வரும் என்று நண்பர்கள் நினைப்பார்கள். போட்ட காசு முதலில் அவருக்கு என்று எழுதியிருந்தால், 2 கோடியும் அவருக்கு. நண்பர்களுக்கு ஆளுக்கு 50 இலட்சம். பக்கத்தில் 'பார்ட்டிசிபேட்டிங்' என்ற சொல்லும் நின்றால் மிச்சத்திலும் 20 வீதம் அவருக்கே. நண்பர்களுக்கு 40 இலட்சம்.

இது புத்தகக் கணக்கு மட்டுமில்லை. எடின்பரோவில் 2009இல் ஐந்து பேர் தொடங்கிய ஃபேன்டூயல், 400 மில்லியன் டொலருக்கு மேல் முதலீடு எடுத்தது. 2018இல் பாடி பவர் பெட்ஃபெயருடன் இணைந்தபோது அதற்குப் போட்ட மதிப்பு 465 மில்லியன். முன்னுரிமைப் பங்குக்காரருக்கு முதலில் போகவேண்டியதோ 559 மில்லியன். தொடங்கியவர்களின் சாதாரணப் பங்குக்கு ஒரு சதமும் இல்லை. பிறகு நீதிமன்றம் ஏறினார்கள்.

வெஸ்டிங் விசயத்தில் எங்கட கருத்து வேற. பங்கு நாலு வருசத்தில், முதல் வருசம் முடிஞ்ச பிறகே, கொஞ்சங்கொஞ்சமாகக் கைக்கு வரும் என்பது வழமையான ஏற்பாடு. முதலீட்டாளர் கேட்கமுதல் நண்பர்களே தங்களுக்குள் இதை எழுதிக்கொள்ள வேணும். இல்லாவிட்டால் ஆறு மாசத்தில கனடா போனவனும் பாதிக் கம்பனிக்குச் சொந்தக்காரன். (இந்த உதாரணத்துக்குக் கற்பனை தேவைப்படாது.)

எம்.வி.பி., பீட்டா, சொஃப்ட் லோஞ்ச் எல்லாம் எங்கட பெடியள் பெட்டையளுக்குத் தண்ணி பட்ட பாடு. அதில பிழை வந்தால் திருத்தி மறுபடி வெளியிடலாம். கையெழுத்துக்குப் பீட்டா கிடையாது.

பிட்ச் போட்டி நடத்துறவையிட்ட ஒரு கேள்வி: மேடையில் ஐந்து நிமிசம் பேசப் பழக்க நாள்கணக்காகச் செலவழிக்கிறீங்கள். ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டு, ஒரு டேர்ம் ஷீட்டை வரி வரியாகத் தமிழில் வாசிச்சுக் காட்ட அரை நாள் ஒதுக்கேலாதா?