பெரியம்மா வீட்டுத் திருட்டு மணி

திருடன் வந்து போய் நாலு மணி நேரம் கழித்து அடிக்கிற திருட்டு மணியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? எங்கள் பெரியம்மா வீட்டு மணி அப்படித்தான் அடித்தது.

பெரியம்மா இருப்பது அமிர்தியில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உல்லாசப் பிரயாணம் அழைத்துப் போவார்களே, அந்த அமிர்திதான். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரம். மிருகக்காட்சி சாலை 1967இல் ஏற்பட்டது. மழை பெய்தால் அருவி உண்டு. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரே திருவிழாக் கூட்டம். பொழுது சாய்ந்தால் காடும் பெரியம்மாவும்தான். பெரியப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. "பெங்களூர் வந்துவிடு அம்மா" என்று அண்ணன் கூப்பிடாத மாதமில்லை. "இங்கே எனக்கு என்ன குறை? அதான் உங்கப்பா மணி கட்டிக் கொடுத்துட்டுப் போயிருக்காரே!" என்பார் பெரியம்மா.

பெரியப்பா தொலைபேசி இலாகாவில் இருந்தவர். ஓய்வு பெற்று அமிர்தியில் வீடு கட்டியபோது, 1989இல், சுவர் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் கம்பி இழுத்துத் தம் கையாலேயே அந்த மணியை அமைத்தார். கூடத்தில் ஒரு மரப்பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு. திறந்து மூட ஒரு சாவி. பக்கத்து வீட்டிலும் ஒரு மணி தொங்கவிட்டு அதற்கும் கம்பி போட்டிருந்தார். அமாவாசை தவறாமல் சாயங்காலம் ஒரு தடவை அடித்துப் பார்ப்பார். தெருவில் இருப்பவர்கள் "ஓஹோ, இன்றைக்கு அமாவாசை" என்று தெரிந்துகொள்வார்களாம்.

சென்ற ஐப்பசியில் ஒரு ராத்திரி, நல்ல மழை. கரண்ட் இல்லை. யாரோ பின்கட்டுக் கதவின் நாதாங்கியை நெம்பித் திறந்து, சீராக வந்த பித்தளை அண்டா, இரண்டு குத்துவிளக்கு, ஒரு செப்புத் தவலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரியம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதுவே பெரிய புண்ணியம். விடியற்காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்தது. உடனே மணி கணகணவென்று அடிக்க ஆரம்பித்தது! எழுந்து போய்ப் பார்த்தால் பின்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அண்ணனுக்குச் செய்தி போன மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. கம்பியே இல்லாத அலாரம். கதவுக்குக் கதவு சிறு டப்பிகளை ஒட்டிவிட்டால் போதும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் செல்போனுக்குச் செய்தி வரும். அண்ணனே வந்து ஒட்டிவிட்டுப் போனார். பெரியம்மா வீட்டில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது திண்ணையில் மட்டும்தான். ஆகவே அதன் தலைமைப் பெட்டியைத் திண்ணை ஜன்னலில் வைத்தார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பெங்களூரில் அண்ணன் போன் அலறும். அவர் அம்மாவைக் கூப்பிடுவார். உள்ளே சிக்னல் இல்லை. சென்னையில் என்னை எழுப்புவார். நான் வேலூரில் சித்தப்பாவை எழுப்புவேன். பார்த்தால் பூனை! ஒரு நாள் சென்சாரின் முகத்திலேயே பல்லி ஊர்ந்திருக்கிறது. பகலில் குரங்குகள் இருக்கவே இருக்கின்றன. இப்படி ஐந்து ராத்திரி. ஆறாம் நாள் அண்ணன் போனை அமர்த்திவிட்டுத் தூங்கிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திருடன் நுழைவது அமிர்தியில், மணி அடிப்பது பெங்களூரில் என்றால் யார்தான் என்ன செய்ய முடியும்?

அப்புறம்தான் வேலூரிலிருந்து ஒரு மின்சாரத் தொழிலாளியை அழைத்துக்கொண்டு நானே புறப்பட்டேன். பெரியப்பாவின் மரப்பெட்டியைக் கழற்றவே பெரியம்மா விடவில்லை. "பாருப்பா, தொடாதே" என்றார். அவரும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என்னம்மா நடந்துச்சு? முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். கேட்டு முடித்ததும் சிரித்தார். "மணி கெட்டுப் போகலேம்மா. பாட்டரிதான் செத்துப் போச்சு."

அடியில் இருந்த பாட்டரியை எடுத்துக் காட்டினார். பக்கங்கள் உப்பி, முனைகளில் பச்சை பூத்திருந்தது. இந்த மாதிரிப் பாட்டரிகள் மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான் தாங்குமாம். பெரியப்பா போன பிறகு அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது; ஆனால் அது வீட்டுக் கரண்டில் எரிகிற விளக்கு. கரண்ட் உள்ளவரை மணியும் காவல் காக்கும். கரண்ட் போன அந்த ராத்திரி அதற்கு உயிர் இல்லை. கரண்ட் வந்ததும் உயிர் வந்தது, கதவு திறந்திருப்பதைக் கண்டது, அடித்தது!

"அப்போ உங்க பெரியப்பா கட்டினதுலே கோளாறு இல்லையா?" என்று பெரியம்மா என்னைக் கேட்ட குரலில் எத்தனை ஆறுதல்!

கோளாறே இல்லை. தீபாவளிக்குக் கட்டுகிற பழைய சீரியல் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பல்பு போனால் வரிசை முழுவதும் அணைந்துவிடும். அந்தக் கணக்குத்தான். வீட்டைச் சுற்றி ஒரே கம்பி. அதில் எப்போதும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சிறு சுவிட்சு. கதவு விலகினால் காந்தம் விலகும், ஓட்டம் அறுபடும், மணி அடிக்கும். திருடன் புத்திசாலியாகக் கம்பியையே நறுக்கினாலும் ஓட்டம் அறுபடும், அப்போதும் அடிக்கும்.

மின்சாரத் திருட்டு மணிக்கு அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853இல் உரிமை பெற்றார். அதை விலைக்கு வாங்கி ஊரெல்லாம் விற்றவர் எட்வின் ஹோம்ஸ். 1877இல் பாஸ்டனில் முதல் தொலைபேசி இணைப்பகத்தை நடத்திப் பார்த்தது ஹோம்ஸ் குடும்பத்தின் இந்தத் திருட்டு மணிக் கம்பிகளின் மேல்தான். தொலைபேசிக்காரரான எங்கள் பெரியப்பாவுக்கு இந்தச் சங்கதி தெரிந்திருந்தால் ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்பார்.

இன்று வாசலில் காமிரா வைத்து உள்ளேயிருந்தே வந்திருப்பது யார் என்று பார்க்கிறோமே, அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. அதுவும் ஒரு நர்ஸ். நியூயார்க்கில் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன். அவருக்கும் கணவருக்கும் வேலை நேரம் வேறு வேறு. அகால வேளையில் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். போலீசைக் கூப்பிட்டால் உடனே வருவதில்லை. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவரோடு சேர்ந்து, கதவுத் துளை வழியே பார்க்கும் காமிரா, படுக்கையறையில் டெலிவிஷன், வந்தவரோடு பேச மைக், ஆபத்துக்கு ஒரு பொத்தான் என்று யோசித்து 1966இல் மனுச் செய்தார். 1969 டிசம்பரில் உரிமை கிடைத்தது. பயந்துகொண்டு படுத்திருந்தவள்தானே, எது தேவை என்று அவளுக்குத்தான் தெரியும்!

சரி, அமிர்திக்கு வருகிறேன். சுவருக்குள் இருந்த கம்பிகளை மீட்டர் வைத்துச் சோதித்ததில் ஓர் இடத்தில்தான் எலி கடித்திருந்தது. மற்றதெல்லாம் புதுசு போல் இருந்தன. "இவ்வளவு நல்ல கம்பியை யாராவது எறிவாங்களா? இன்னிக்கு இந்த வேலை செய்யணும்னா சுவரையெல்லாம் உடைக்கணும்" என்றார் அவர். கம்பிகளை அப்படியே வைத்துக்கொண்டு, துருப்பிடித்த இரண்டு சுவிட்சுகளை மாற்றி, மரப்பெட்டிக்குப் பதில் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினார். பழைய கம்பிகளை ஏற்கும் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும். புதுப் பாட்டரியின் மேல் மாற்றிய தேதியைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். பழைய பாட்டரியில் ஈயமும் திராவகமும் இருப்பதால் குப்பையில் போடக் கூடாது. கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு.

பழைய பெட்டியின் சாவி சுவாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. வீட்டில் வேலை செய்து போனவர் எல்லாருக்கும் அது தெரியும். இப்போது சாவிக்குப் பதில் நாலு இலக்க எண். தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய எண்ணை அன்றே மாற்றிவிட்டோம். பெரியம்மா கல்யாண வருஷத்தைச் சொன்னார், கூடாது என்றேன். வேறொன்று வைத்தார். எனக்கே சொல்லவில்லை!

"ஓடு பிரிச்சு இறங்கினா?" என்று அந்தத் தொழிலாளி ஒரு கேள்வி போட்டார். நியாயமான கேள்வி. 2021 டிசம்பரில் வேலூர்த் தோட்டப்பாளையத்தில் பெரிய நகைக் கடை ஒன்றில் திருடன் வாசல் பக்கமே போகவில்லை. பின்சுவரில் துளை போட்டு, சிங்க முகமூடி அணிந்து, காமிராக்கள் மேல் வர்ணம் அடித்துவிட்டு, சுமார் 15 கிலோ நகைகளைக் கொண்டு போனான். பிறகு போலீசார் ஆளைப் பிடித்து, ஒடுகத்தூர் மயானத்தில் புதைத்திருந்த நகைகளைத் தோண்டி எடுத்தார்கள். அந்தக் கதையைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் சம்மதித்தார். கூடத்தில் நடமாட்டம் பார்க்கும் சென்சார் ஒன்று, வெயில் விழாத மூலையாகப் பார்த்து, கம்பி வழியாகவே இணைத்தாயிற்று.

அண்ணன் அனுப்பியதும் வீணாகவில்லை. என் சென்னைக் குடித்தனத்துக்கு அதை எடுத்து வந்துவிட்டேன். வாடகை வீடு, சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். இங்கே ஒட்டுகிற டப்பிதான் சௌகரியம். சிக்னலும் தாராளம். அதற்குள்ளும் சிறு பாட்டரிகள் உண்டு என்பதை மட்டும் மறக்காமல் காலண்டரில் குறித்திருக்கிறேன். ஊருக்குப் போனால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கத்தையும் விடவில்லை. பூட்டிய வீடுகளை ரோந்தில் பார்த்துக்கொள்கிறார்கள்.

அமிர்தியில் பாக்கி இருந்தது பக்கத்து வீட்டு மணி. பழைய குடும்பம் ஆரணிக்குப் போய்விட்டது. வெள்ளையடித்தபோது யாரோ கம்பியை நறுக்கியிருக்கிறார்கள். முனை தோட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது குடியிருப்பவர்கள் ஓர் இளம் தம்பதி. பெரியம்மா அவர்களோடு அதிகம் பேசியதில்லை. "போய்க் கேட்கலாம், வாங்க" என்றேன். "நம்ம வீட்டு மணியை அவங்க வீட்டிலே மாட்டச் சொல்றது எப்படிடி?" என்று கூச்சப்பட்டார். சீடை கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனோம்.

அந்தப் பெண் முழுவதும் கேட்டாள். "அன்னைக்குக் காலையிலே ஏதோ மணி அடிச்சதும்மா. கோயில் மணின்னு நெனைச்சேன்" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது. பிறகு, "அவரு ராத்திரி ஷிப்ட். நானும் தனியாத்தாம்மா இருக்கேன். எங்க வீட்டிலே அடிச்சா உங்களுக்குக் கேட்கிற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும் என்றார் தொழிலாளி. ஒரு கம்பி போகிற வழியில் இன்னொரு கம்பி போகாதா? அன்று சாயங்காலமே இரண்டு கம்பிகளும் தோட்டத்து வேலியோடு போயின.

போன அமாவாசையன்று சாயங்காலம் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். திண்ணைக்கு வந்து எடுத்தார். "அப்புறம் பேசறேன்டி. அந்தப் பொண்ணு மணி அடிக்கக் காத்துக்கிட்டிருக்கா" என்று வைத்துவிட்டார்.