ஆஃபர் லெட்டர் வந்தாச்சு... சம்பளம் பேசியாச்சா?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். நூற்றைம்பது ரூபாய் சொல்லும் தலையணை உறையை ‘எண்பதுக்குக் குடுப்பியா?’ என்று கேட்பார் ஓர் அம்மா. கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவர் நாலடி நடப்பார். பின்னாலிருந்து குரல் வரும் என்று தெரிந்துதான் அந்த நடை அவ்வளவு மெதுவாக இருக்கும். கடைசியில் உறை நூறு ரூபாய்க்குப் பைக்குள் போகும்.

அதே அம்மாவின் மகளுக்கு வேலைக்கான ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்தால் வீட்டில் வேறு காற்று வீசும். “கிடைச்சதே பெரிய விஷயம். எதையாவது கேட்டுக் கெடுத்துக்காதே” என்பார் அம்மா. “மொதல்ல போய்ச் சேரு. நல்லா வேலை செஞ்சா அவங்களே ஏத்திக் குடுப்பாங்க” என்பார் அப்பா.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ இருந்து ரிட்டயர் ஆனவராக இருப்பார். அங்கே பதவிக்கு ஏற்ற ஊதிய விகிதம் முன்கூட்டியே அச்சாகி இருந்தது, இன்றும் அப்படித்தான். வருடா வருடம் இன்க்ரிமென்ட், அவ்வப்போது பஞ்சப்படி, சில வருடங்களுக்கு ஒருமுறை சம்பளக் கமிஷன். பேச அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால், மகள் போகப்போவது பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் தனியார் நிறுவனம். அங்கே இன்க்ரிமென்ட் என்பது இன்றைய சம்பளத்தில் இத்தனை சதவிகிதம் என்ற கணக்கு. ஆரம்பத் தொகை குறைவாக இருந்தால், பின்னால் வருவதெல்லாம் குறைவாகவே வரும்.

மயிலாப்பூரில் அப்படி ஒரு வீட்டையே எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங்கில் மூன்று வருட அனுபவம். சிறுசேரியில் இருக்கும் ஒரு கம்பெனி வருடம் ஆறு லட்சம் தருவதாகச் சொல்கிறது. அவள் கேட்டிருந்தால் ஆறரை கிடைத்திருக்கும் என்று வைப்போம். வித்தியாசம் ஐம்பதாயிரம்தானே? வருடம் பத்து சதவிகிதம் உயர்வு என்றால், அந்த ஐம்பதாயிரம் அடுத்த வருடம் 55,000, அதற்கடுத்து 60,500 என்று வளரும். ஐந்து வருடத்தில் மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். அதன் பிறகு வேறு கம்பெனிக்குப் போனாலும் முதல் கேள்வி, “இப்போ எவ்வளவு வாங்குறீங்க?” என்பதாகவே இருக்கும்.

கேட்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அது ரசீதில் வராததால் வீட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சென்னையின் பழைய கதை ஒன்று உண்டு. கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் மறைந்த பிறகு, வெள்ளைப் புடவை உடுத்தி, மேடையிலிருந்து ஒதுங்கியிருந்தார் கே.பி.சுந்தராம்பாள். நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடிக்கக் கூப்பிட்டார்கள். அவருக்கு விருப்பமில்லை. ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். இவ்வளவு கேட்டால் போய்விடுவார்கள் என்ற நினைப்பில்தான் கேட்டார் என்று சொல்வார்கள். வந்தவர்கள் சரி என்றார்கள்! 1935-ல் ‘பக்த நந்தனார்’ வெளியானது. ஒரு நடிகைக்கு ஒரு லட்சமா என்று ஊரே வாய்பிளந்தது. படம் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை என்பது தனிக்கதை. பேசிய சம்பளம் பேசியதுதான்.

எல்லோரும் கே.பி.எஸ். ஆக முடியாது, உண்மை. ஆனால், அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது தொகையை அல்ல. ‘வேண்டாம்’ என்று சொல்ல அவர் தயாராக இருந்தார். எதிரில் இருந்தவர்களுக்கோ அவர்தான் வேண்டியிருந்தது. வேலை தேடுகிறவருக்கு அந்த நிலைமை ஒரு சில நாட்கள் மட்டும் வாய்க்கும். ஆஃபர் கைக்கு வந்த நாளிலிருந்து ‘சம்மதம்’ என்று மெயில் போடும் நாள் வரை.

அதற்கு முன்னால் அவள் நூறு விண்ணப்பங்களில் ஒருத்தி. அதற்குப் பின்னால் அவள் ஓர் எம்ப்ளாயி நம்பர். நடுவில் இருக்கும் அந்த நாட்களில்தான் கம்பெனி நான்கு ரவுண்டு இன்டர்வியூ முடித்து, மற்றவர்களை வேண்டாம் என்று சொல்லி, ‘இவர்தான்’ என்று மேலிடத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறது. இவள் வராவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறுபது, தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணமாகிவிட்ட ஊரில் ஹெச்.ஆரின் பெரிய கவலை, ஆள் கடைசி நேரத்தில் வராமல் போய்விடுவதுதான். மரியாதையாக ஒருமுறை கூடுதல் கேட்பதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் கம்பெனிகள் குறைவு. அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு கேள்விக்கே முகம் சுளிக்கும் இடத்தில் லீவு கேட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளலாம்.

கேட்பதற்கு முன்னால், அந்த ஆறு லட்சம் என்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஐம்பதாயிரம் என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா அத்தையிடம் சொல்லி, முதல் மாதச் சம்பளம் வரும்போது எல்லோருக்கும் ஏமாற்றம்.

லெட்டரில் இருப்பது சி.டி.சி. அதாவது, இந்த ஆளுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு. அதில் 60,000 ‘வேரியபிள் பே’ என்று இருக்கலாம். கம்பெனியின் லாபம், ஆளின் ரேட்டிங் எல்லாம் பார்த்துத் தருவது. மீதி 5,40,000. அதில் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு ஒன்று. சட்டப்படியான உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டால் மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000 என்றால் கிராஜுவிட்டிக்காகச் சுமார் 14,400 ஒதுக்கியிருப்பார்கள். அது பொதுவாக ஐந்து வருடம் முடித்தவருக்குத்தான் கைக்கு வரும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 8,000 என்று வைப்போம். இவையெல்லாம் போனால் மாதம் சுமார் 41,300. அதில் அவள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். உள்ளாட்சி அமைப்புக்கான தொழில் வரியும் போனால், கையில் வருவது 39,300 ரூபாய்தான்.

ஐம்பதாயிரம் எங்கே, முப்பத்தொன்பதாயிரம் எங்கே! இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை; பி.எஃப். நாளைக்கு அவளுடைய பணம்தான். ஆனால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவளுக்குத்தான் எதைக் கேட்பது என்று தெரியும். ‘வேரியபிளைக் குறைத்து அந்தத் தொகையை நிரந்தரச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா?’ என்று கேட்கலாம். கம்பெனிக்குப் பட்ஜெட் ஏறாது. அவளுக்கு மாதாமாதம் கையில் வரும். ஆறு லட்சத்தில் வேரியபிள் அதிகம் உள்ள ஆஃபரைவிட, ஐந்தே முக்கால் லட்சத்தில் வேரியபிளே இல்லாத ஆஃபர் சில வீடுகளுக்கு மேல். வீட்டு வாடகையும் லோன் தவணையும் ரேட்டிங் பார்த்து வருவதில்லையே.

சரி, எப்படிக் கேட்பது? போனில் பேசி, பிறகு மெயிலில் எழுதுவது நல்லது. பெரிய வசனம் எதுவும் வேண்டாம்.

“சார், ஆஃபர் வந்தது, ரொம்ப தேங்க்ஸ். உங்ககிட்ட சேரணும்னுதான் ஆசை. ஆட்டோமேஷன் டெஸ்ட்டிங்கும் நானே பார்க்கணும்னு இன்டர்வியூல சொன்னாங்க. அதை நான் ரெண்டு வருஷமா பண்ணிட்டிருக்கேன். அதனால ஆறே முக்கால் பண்ண முடியுமான்னு பார்த்துச் சொல்றீங்களா?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். எதிரில் இரண்டு நொடி அமைதி வந்தாலே, “இல்லன்னாலும் பரவாயில்ல சார்” என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். ரங்கநாதன் தெருவில் அம்மா அப்படிச் சொல்லி யாராவது கேட்டதுண்டா?

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். தங்கச்சி கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன், அடையாறில் ஏறிவிட்ட வீட்டு வாடகை... கஷ்டத்தைச் சொன்னால் இரங்கிக் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை நமக்கு அதிகம். ஹெச்.ஆர். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால், அவர் மேலிடத்துக்கு எழுதும் குறிப்பில் ‘இவருக்கு இந்த வேலை தெரியும்’ என்று எழுதலாமே தவிர, ‘இவர் தங்கைக்குக் கல்யாணம்’ என்று எழுத முடியாது. அதேபோல், இல்லாத வேறொரு ஆஃபரை இருப்பதாகச் சொல்வதும், பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் ஆபத்து. பே ஸ்லிப்பும் ஃபார்ம் 16-ம் கேட்பார்கள். அப்போது சம்பளம் மட்டுமல்ல, வேலையே போய்விடும்.

குழந்தை பிறந்து மூன்று, நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பும் பெண்கள் இதில் அதிகம் இழக்கிறார்கள். ‘கேப் இருக்கே’ என்ற ஒரு வார்த்தையில் குன்றிப்போய், பழைய சம்பளத்துக்கே சம்மதித்துவிடுகிறார்கள். அந்தப் பழைய சம்பளம் நான்கு வருடத்துக்கு முந்தைய விலைவாசியில் பேசியது. இன்று அதே வேலைக்கு வெளியே என்ன தருகிறார்கள் என்று, அதே வேலையில் இருக்கும் இரண்டு தோழிகளிடமாவது வெட்கப்படாமல் விசாரித்துவிட்டுப் போவது நல்லது. நம்மிடையே நகைச்சீட்டு முதல் நாத்தனார் வரை எல்லாம் பேசுகிறோம். சம்பளத்தை மட்டும் மூடி வைக்கிறோம். அதில் லாபம் யாருக்கு?

சில சமயம் ‘பட்ஜெட் இவ்வளவுதான்’ என்பது உண்மையாகவே இருக்கும். கேம்பஸில் எடுக்கும் ஃப்ரெஷர்களுக்குப் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே பேக்கேஜ்தான். அப்போது பணத்தைத் தவிர மற்றவற்றைக் கேட்கலாம். மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி.ராமன், கல்கத்தாவில் நிதித்துறையில் பெரிய சம்பளத்தில் இருந்தவர். கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியை அவருக்குத் தர முன்வந்தபோது அதில் சம்பளம் ஏறக்குறைய பாதிதான். அதைப் பற்றி அவர் சண்டை போடவில்லை. ஆனால், அந்தப் பதவிக்கு வருகிறவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்றிருந்த நிபந்தனைக்கு மட்டும் மாட்டேன் என்றார். நிபந்தனை விலக்கப்பட்டது, 1917-ல் பதவியேற்றார். 1930-ல் நோபல் பரிசு.

மயிலாப்பூர்ப் பெண்ணுக்கு அந்த நிபந்தனை சிறுசேரியாக இருக்கலாம். திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துப் போய்வருவதில் தினமும் மூன்று மணி நேரம் போனால், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பது பணத்துக்குச் சமம். ஆறு மாதத்தில் சம்பள மறுபரிசீலனை, ஜாயினிங் போனஸ், நைட் ஷிஃப்டுக்கு கேப் வசதி என்று எதுவாக இருந்தாலும் லெட்டரில் எழுதி வாங்க வேண்டும். வருடம் முடிவதற்குள் விலகினால் ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். அதையும் படித்துவிட வேண்டும்.

இதையெல்லாம் படிக்கும்போது தலையணை உறை விற்ற அந்தத் தெருவின் பெரிய ஜவுளிக்கடைகளும் நினைவுக்கு வருகின்றன. அங்கே புடவை விரித்துக் காட்டும் பெண்ணிடம் யாரும் சி.டி.சி. பற்றிப் பேசுவதில்லை. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்த அவர்களுக்கு உட்கார ஒரு இருக்கை தர வேண்டும் என்பதற்கே 2021-ல் தமிழக சட்டமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. தனியாக ஒருவர் கேட்டு வாங்க முடியாத இடத்தில் சட்டம்தான் கேட்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. வேலைக்குச் சேரும்போது அந்தக் கடிதத்தைக் கேட்பது அவர்கள் உரிமை. கடைக்கு மகளை அனுப்பும் வீடுகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்புவோம். ஹெச்.ஆர். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, “ஆறு நாற்பது பண்ணலாம், ஓகேவா?” என்கிறார். இதற்கு மேல் இழுக்க வேண்டாம். ‘சரி’ என்று சொன்ன பிறகு திரும்பவும் கேட்பது பெயரைக் கெடுக்கும். ஆனால், போனில் சொன்ன 6,40,000 திருத்திய லெட்டரில் வந்து, வேரியபிள் எவ்வளவு, நிரந்தரம் எவ்வளவு என்று இன்னொரு முறை பார்த்து, அதில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே தரமணியில் இருக்கும் பழைய ஆபீஸில் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டும். அதுவரை அத்தைக்கும் சொல்ல வேண்டாம்.