காலைத் தூணாக்காதீர்கள்

பெங்களூரில் கோல்ஃப் பழகப் போகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடும். "இடுப்பை ஆட்டாதீங்க சார். காலைத் தூண் மாதிரி ஊன்றிக்கிட்டு தோளை மட்டும் திருப்புங்க." பயிற்சியாளர் சொல்வார், பக்கத்தில் ஆடுபவர் சொல்வார், போன மாதம் மட்டை பிடித்தவரும் சொல்வார். இது தவறு. ஆட்டத்தோடு முதுகையும் கெடுக்கும் தவறு.

இதற்கு வலுச்சேர்த்தது 1992-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன் எழுதிய ஒரு கட்டுரை. தோளின் திருப்பத்துக்கும் இடுப்பின் திருப்பத்துக்கும் இடைவெளி கூடினால் பந்து தூரம் போகும் என்றார். அப்படியானால் இடுப்பைக் கட்டிப்போடு என்று ஊர் புரிந்துகொண்டது. தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பாருங்கள். தோள் ஏறக்குறைய 90 பாகை திரும்பும்போது இடுப்பும் 45 பாகை அளவுக்குத் திரும்புகிறது. அந்த இடைவெளி மட்டை இறங்கத் தொடங்கும் கணத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. கை மேலே போய் முடிவதற்குள் இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பிவிடுவதே அதற்குக் காரணம். இடுப்பு முந்துவதால் வரும் பலனை, இடுப்பை நிறுத்தி எப்படிப் பெறுவது? மட்டையை இறக்கும் கீழ்வீச்சைத் தொடங்குவது இடுப்பே என்று அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957-லேயே எழுதிவிட்டார்.

விசை தரையிலிருந்து வருகிறது. வலக்கைக்காரர் மட்டையைப் பின்னால் எடுக்கும்போது உடல் எடை வலக்காலுக்குப் போகிறது, வலது இடுப்பு பின்னுக்குத் திரும்புகிறது. பிறகு எடை இடக்காலுக்கு மாறுகிறது. அந்தக் கால் தரையை மிதித்து நிமிர, இடது இடுப்பு விலகி வழிவிடுகிறது. இடுப்பின் வேகம் மார்புக்கும், மார்பின் வேகம் கைக்கும், கையின் வேகம் மட்டைக்கும் கைமாறுகிறது. கீழ்வீச்சு முழுவதும் கால் நொடிதான். கையால் மட்டும் அடிப்பவர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் இழுக்கிறார்.

நமக்கு இது புதிதா என்ன? சிலம்பத்தில் கம்பு சுழற்றுவதற்கு அடிப்படை காலடி. துவைகல்லில் துணியை ஓங்கி அடிப்பவரின் இடுப்பைக் கவனியுங்கள். கை மட்டும் வேலை செய்தால் பத்துத் துணிக்குள் தோள் விட்டுப்போகும்.

எனக்குக் கோபம் வருவது முதுகை நினைத்துத்தான். கீழ்முதுகின் முள்ளெலும்புகள் எல்லாம் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 பாகைதான் திரும்பும். மீதித் திருப்பத்தை இடுப்பு மூட்டுகளும் மேல்முதுகும் தரவேண்டும். இடுப்பைப் பூட்டினால் அந்தப் பாரம் எங்கே போகும்? கோல்ஃப் ஆடுபவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் உபாதைகளில் முன்வரிசையில் இருப்பது கீழ்முதுகு வலி. அதுவும் நாள் முழுக்க நாற்காலியிலும், மிச்ச நேரம் வெளிவட்டச் சாலை நெரிசலில் காரிலும் உட்கார்ந்தே இடுப்பு இறுகிப்போன நாற்பது வயதுக்காரரிடம் போய், "அசையாதே" என்கிறோம்.

பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876-இல் தொடங்கிய காலத்தில், இடுப்பு தாராளமாகத் திரும்பும்படி, பின்வீச்சில் இடது குதிகாலைத் தரையிலிருந்து எழவிடுவது பொதுவான வழக்கம். ஒரு நூற்றாண்டு கழித்தும் ஜாக் நிக்லாஸ் அப்படித்தான் ஆடினார். 18 பெரும் பட்டங்கள் வென்றார், அவற்றில் கடைசியை 1986-இல், 46 வயதில்.

பயிற்சியாளர்களே, நாளைக் காலை உங்களிடம் வருகிறவரின் இடது குதிகாலை எழவிடுங்கள். இடுப்பு திரும்பட்டும்.