பெரிய எழுத்தில் ‘200’, சின்ன எழுத்தில் ‘வி30’: கேமரா மெமரி கார்டு வாங்கும்போது எந்த எண்ணைப் பார்க்கணும்?

கேமரா வாங்க நினைப்பவர்கள் பாடிக்காக ஒரு மாதம் யூடியூப் ரிவ்யூ பார்க்கிறார்கள். லென்ஸுக்காக இன்னொரு மாதம். மெமரி கார்டு மட்டும் பில் போடுற நேரத்தில், ‘64 ஜிபி ஒண்ணு போட்டுடுங்க’ என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

லென்ஸ் சுமாராக இருந்தால் படம் சுமாராக வரும். கார்டு சொதப்பினால் படமே இருக்காது. ஆபீஸ் டூர் போட்டோ போனால் சிரித்துக்கொண்டே மறந்துவிடலாம். தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நிமிடம் போனால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஃபுல் டைம் வேலையோடு வார இறுதிகளில் கல்யாண ஷூட் எடுக்கும் இளைஞர்களுக்கு, அது அடுத்த ஆர்டரும் கையை விட்டுப் போகும் விஷயம்.

சிக்கல் என்னவென்றால், கார்டின் அட்டையில் பெரிதாக அச்சிடப்படும் எண் பெரும்பாலும் கேமராவுக்குத் தேவையான எண் அல்ல. தேவையான எண் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

பெரிய எண் எதைச் சொல்கிறது?

‘விநாடிக்கு 200 எம்பி வரை’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது படிக்கும் வேகம். அதாவது, கார்டில் இருக்கும் படங்களை லேப்டாப்புக்கு மாற்றும் வேகம். ஷட்டரை அழுத்தும்போது நடப்பது இதற்கு நேர் எதிரான வேலை. கேமரா கார்டில் எழுதுகிறது. எழுதும் வேகம் பொதுவாகப் படிக்கும் வேகத்தைவிடக் குறைவு.

அந்த ‘வரை’ என்ற சொல்லையும் கவனிக்கணும். அது உச்ச வேகம். சில நொடிகள் தொட்டுவிட்டுக் கீழே இறங்கினாலும் அட்டையில் எழுதியது பொய்யாகாது.

இன்னொரு விஷயமும் இருக்கு. யுஎச்எஸ்-1 என்ற தரத்தின் அதிகபட்ச வேகமே விநாடிக்கு 104 எம்பிதான். அப்புறம் எப்படி அதே தரத்து கார்டில் 170, 200 என்று அச்சிடுகிறார்கள்? தரத்துக்கு வெளியே ஒரு தனி முறையில், அதற்கு ஒத்துழைக்கும் கார்டு ரீடரில் போட்டால் மட்டும் கிடைக்கும் வேகம் அது. யுஎச்எஸ்-1 ஸ்லாட் உள்ள கேமராவுக்குள் போனதும் அந்த கார்டும் 104-க்குள் அடங்கிவிடும்.

பார்க்க வேண்டிய எண் எது?

கார்டின் முகப்பில் சில குறிகள் இருக்கும். ‘சி’ எழுத்துக்குள் 10, ‘யு’ எழுத்துக்குள் 1 அல்லது 3, ‘வி’ எழுத்துக்குப் பக்கத்தில் 30, 60, 90. இவை உச்ச வேகம் அல்ல. தொடர்ந்து எழுதும்போது இதற்குக் கீழே இறங்காது என்ற குறைந்தபட்ச உறுதி.

கிளாஸ் 10, யு1, வி10 மூன்றும் ஒரே அர்த்தம்தான்: விநாடிக்கு 10 எம்பி. யு3, வி30 இரண்டும் 30 எம்பி. வி60 என்றால் 60, வி90 என்றால் 90. மூன்று லோகோ இருப்பதால் கார்டு மூன்று மடங்கு ஸ்பெஷல் என்று நினைக்க வேண்டாம். ஒரே வாக்குறுதி வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயரில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏ1, ஏ2 என்ற குறி வேறு வகை. செல்போனில் கார்டைப் போட்டு ஆப் ஓட்டுபவர்களுக்கு அது பயன்படும். கேமராவுக்காக அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

வீடியோவுக்கு எவ்வளவு வேகம் போதும்?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். கேமரா மெனுவில் வீடியோ அளவு மெகாபிட்டில் இருக்கும். கார்டில் இருப்பது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அதனால் மெனுவில் உள்ள எண்ணை 8-ஆல் வகுக்கணும்.

4கே வீடியோ 100 மெகாபிட்டில் பதிவானால், 100-ஐ 8-ஆல் வகுத்து 12.5. விநாடிக்கு 12.5 எம்பி எழுதினால் போதும். வி30 கார்டு இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். 400 மெகாபிட் என்றால் 50 எம்பி. அப்போதுதான் வி60 தேவை. சாதாரண 4கே எடுக்கும் ஒருவருக்கு ‘வி90 இல்லைன்னா ஸ்டக் ஆகும்’ என்று கடையில் சொன்னால், இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

கொள்ளளவும் இதே கணக்குதான். 12.5 எம்பி வீதம் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டில் சுமார் 85 நிமிடம் ஓடும்.

போட்டோவுக்கு வேகம் எங்கே முக்கியம்?

ஒவ்வொன்றாக கிளிக் செய்பவருக்கு எந்த நல்ல கார்டும் போதும். தொடர்ந்து அழுத்திப் பிடித்து எடுக்கும் பர்ஸ்ட் ஷாட்டில்தான் வித்தியாசம் தெரியும்.

ஒரு ரா ஃபைல் 30 எம்பி, விநாடிக்கு 10 படம் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 300 எம்பி. இவ்வளவையும் உடனே எழுத சாதாரண எஸ்டி கார்டால் முடியாது. அதனால் கேமரா முதலில் தன் உள் நினைவகமான பஃபரில் நிரப்பி, அங்கிருந்து கார்டுக்கு இறக்குகிறது. 5 விநாடியில் 1,500 எம்பி சேர்ந்துவிடும். 80 எம்பி வேகத்தில் எழுதும் கார்டு அதைக் காலி செய்ய ஏறக்குறைய 19 விநாடி எடுக்கும். 250 எம்பி கார்டு என்றால் 6 விநாடி. வெறும் 30 எம்பி கார்டு என்றால் 50 விநாடி.

கெட்டிமேளம் கேட்டதும் அழுத்தத் தொடங்கி, மூன்றாவது முடிச்சு விழும்போது பஃபர் நிரம்பி கேமரா திணறுவது இப்படித்தான்.

இதற்குத் தீர்வு யுஎச்எஸ்-2 கார்டு. அதன் உச்சம் விநாடிக்கு 312 எம்பி. கார்டின் பின்பக்கம் இரண்டாவது வரிசையாகத் தொடுமுனைகள் இருக்கும், அதை வைத்தே அடையாளம் காணலாம். ஆனால் கேமராவும் அதை ஏற்கணும். சோனி இசட்வி-இ10 போன்ற கேமராவில் இருப்பது யுஎச்எஸ்-1 ஸ்லாட். அதில் யுஎச்எஸ்-2 கார்டு போட்டால் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான். சோனி ஏ7-3 கேமராவில் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று மட்டுமே யுஎச்எஸ்-2. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தால், மெதுவான ஸ்லாட்தான் வேகத்தை முடிவு செய்யும்.

விலை உயர்ந்த கேமராக்களில் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேறு வகை கார்டு வருகிறது. ஏ வகையும் பி வகையும் அளவிலேயே வேறு, ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. கேமரா மேனுவலில் ‘பயன்படுத்தக்கூடிய கார்டுகள்’ என்ற பக்கத்தைப் பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது.

ஒரே பெரிய கார்டா, இரண்டு சின்ன கார்டா?

256 ஜிபி ஒன்று வாங்கினால் மாற்றும் தொல்லை இல்லை என்பது ஒரு வாதம். ஒரு கார்டு போனால் எல்லாம் போகும் என்பது எதிர்வாதம். ஸ்லாட் ஒன்று மட்டுமே உள்ள கேமராவுக்கு எதிர்வாதமே வலுவானது. 64 ஜிபியில் 30 எம்பி ரா ஃபைல் இரண்டாயிரத்துக்கு மேல் அடங்கும். முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு இன்னொன்று என்று பிரித்தால் ஒரு விபத்தில் பாதியாவது மிஞ்சும்.

இரண்டு ஸ்லாட் இருந்தால், இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி மெனுவில் மாற்றிவிடலாம். பலர் இரண்டாவது கார்டை முதல் கார்டு நிரம்பிய பிறகு பயன்படும் ஸ்பேராக மட்டும் விட்டுவிடுகிறார்கள். முதல் கார்டு பழுதானால் அந்த ஸ்பேரால் பயனில்லை.

64 ஜிபி கார்டு கம்ப்யூட்டரில் 59.6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தை அடிப்படையாக வைத்து எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஐ வைத்து எண்ணுகிறது.

போலி கார்டு: உண்மையான ஆபத்து

வேகம் குறைந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். போலி கார்டு படங்களையே விழுங்கும். 16 ஜிபி சிப்பை வைத்து, அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றி, 256 ஜிபி என்று காட்ட வைக்கிறார்கள். கேமராவும் நம்பும், லேப்டாப்பும் நம்பும். 16 ஜிபி வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்குப் பிறகு எழுதுவது காணாமல் போகும், அல்லது பழைய படத்தின் மேலேயே எழுதப்படும். எந்த எச்சரிக்கையும் வராது.

பிராண்டு பெயர், பேக்கிங், ஹாலோகிராம் எல்லாவற்றையும் நகலெடுக்க முடியும். அதனால் சோதிப்பது ஒன்றே வழி. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் மற்றும் லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று அவை திரும்பப் படித்துப் பார்க்கும். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் ஆகலாம். ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் செய்துவிடணும்.

ஆன்லைனில் வாங்கும்போது தளத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், ‘விற்பவர்’ யார் என்று பார்க்கணும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனையாளர் விவரத்தைத் தளம் காட்ட வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் வாங்கியவருக்கு இந்த வழிகளில் பெரிய பயன் இருக்காது.

வாங்கிய பிறகு

கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யணும். அதற்கு முன் படங்கள் இரண்டு இடத்தில் காப்பி ஆகிவிட்டதா என்று உறுதி செய்யணும். கேமராவில் சிவப்பு விளக்கு எரியும்போது கார்டைப் பிடுங்கக் கூடாது. தவறுதலாக அழிந்துவிட்டால் உடனே ஷூட்டிங்கை நிறுத்தி, கார்டை வெளியே எடுத்துவிடணும். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத வரை, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளில் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு.

கார்டு ரீடரில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய யுஎஸ்பி 2 ரீடரில் 128 ஜிபியை மாற்ற ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் காத்திருக்கச் சலித்துத்தான் பலர் பேக்கப்பைத் தள்ளிப்போடுகிறார்கள்.

யார் மாறணும்?

வாங்குபவர் இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா? நியாயமாகப் பார்த்தால் தேவையில்லை. பொட்டலத்தில் எடை எழுதுவதுபோல, குறைந்தபட்ச எழுதும் வேகத்தைப் பெரிய எழுத்திலும், உச்சப் படிக்கும் வேகத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவது நிறுவனங்களுக்குக் கஷ்டமான வேலை இல்லை. அளவிட்ட தகவல் கையில் இருக்கிறது. அச்சிடும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. ‘வரை’ என்ற ஒரே சொல்லின் நிழலில் விற்பனை நடப்பதை நுகர்வோர் அமைப்புகளும் கேள்வி கேட்கணும்.

அது மாறும் வரை சாதாரண தேவைக்குக் கணக்கு எளிது. தெரிந்த பிராண்டில், பில் தரும் கடையில், வி30 குறி உள்ள 64 ஜிபி கார்டு இரண்டு. அதிவேக பர்ஸ்ட், உயர் பிட்ரேட் வீடியோ எடுப்பவர்கள், கேமரா ஏற்கும் என்றால் மட்டும் யுஎச்எஸ்-2 பக்கம் போகலாம். இரண்டையும் கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி வாங்காமல், ஒரு வாரம் முன்னாடியே வாங்கிச் சோதித்துவிடுவது நல்லது.