பழைய ரோடு பைக்... பளபளப்பைப் பார்க்காதே, பிரேக்கைப் பார்!

2020 ஊரடங்கில் பலருக்கும் திடீரென்று சைக்கிள் ஆசை வந்தது. ஜிம்முக்குப் பூட்டு, பூங்காவுக்குப் பூட்டு. காலையில் காற்று வாங்கச் சைக்கிள்தான் வழி என்று ஆசை ஆசையாக வாங்கினார்கள். அப்படி வாங்கிய பல சைக்கிள்கள் இன்று அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், தூணுக்குப் பின்னால், காற்றிறங்கிய டயரோடு நிற்கின்றன. வீடு மாறும்போது ‘செகண்ட் ஹேண்ட்’ விளம்பரத்துக்கு வந்துவிடுகின்றன.

அவற்றில் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்டவைதான் ‘ரோடு பைக்’. பெயரில் பைக் இருந்தாலும் மிதித்துத்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மாமல்லபுரம் நோக்கி வரிசையாக விரைபவர்களிடம் இதைப் பார்க்கலாம். புதிதாக வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கும். முதல் சைக்கிளைப் பழையதாக வாங்குவது புத்திசாலித்தனம்தான். என்ன பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் சிக்கல்.

கல்லூரியில் சேர்ந்த மகளும் அப்பாவும் பழைய ரோடு பைக் ஒன்றைப் பார்க்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மகள் முதலில் பார்ப்பது கலரை. அடுத்து எத்தனை கியர் என்று எண்ணுகிறாள். அரை பெடல் அடித்துச் சைக்கிள் பழகிய தலைமுறை அப்பா, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, “காத்து மட்டும்தாம்மா இல்லை... மத்தபடி ஜம்முனு இருக்கு” என்கிறார். இருவருமே பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

எலும்பு நன்றாக இருக்கிறதா?

டயர், டியூப், செயின், சீட், பிரேக் ஒயர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். ஃபிரேமும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் போனால் சைக்கிளே போனது மாதிரிதான். அதனால் முதல் பார்வை அங்கே விழவேண்டும். ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியோ, விரல் வைத்தால் மேடாகத் தட்டுப்பட்டோ இருந்தால், அந்தச் சைக்கிள் எங்கோ நேராக மோதியிருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது ஃபோர்க் பின்னால் தள்ளினாற்போல் தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் பேரம் பேசாமல் கிளம்பிவிட வேண்டும். கார்பன் ஃபைபர் ஃபிரேமில் உள்ளே இருக்கும் விரிசல் வெளியே தெரியாமல் போகலாம். பழைய கார்பன் சைக்கிள் புதியவர்களுக்கு வேண்டாம்.

அடுத்து, சீட்டைத் தாங்கும் குழாய். போல்ட்டைத் தளர்த்தி அதை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியக் குழாய் பல வருடம் அசையாமல் இருந்தால், கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அசையவே இல்லை என்றால் அதுவும் வேண்டாம்.

சைக்கிள் ஆளுக்குப் பொருந்துகிறதா என்பதும் முக்கியம். நடுக்குழாய்க்கு இருபுறமும் காலூன்றி நிற்கும்போது குழாய் உடம்பில் இடிக்கக் கூடாது. இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். பெரிய ஃபிரேமைச் சின்னதாக்க எந்தக் கடையாலும் முடியாது.

கிளம்புமுன் சைக்கிளைத் தலைகீழாக்கி, பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. விற்பவரின் பெயர், போன் நம்பர், இந்த எண் மூன்றும் எழுதிய ஒரு சீட்டு கையில் இருக்கட்டும். எழுதித் தர ஒருவர் தயங்கினால், அது திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம்.

பத்தாயிரம் இருந்தால் ஆறாயிரம்தான்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது கணக்கில். கையில் 10,000 ரூபாய் இருந்தால் 10,000 ரூபாய்க்கே சைக்கிளை வாங்கிவிடுகிறார்கள். தேய்ந்த டயரையும் இறுகிய பிரேக்கையும் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த அடுத்த மாசம் வருவதற்குள் ஒரு மேம்பால இறக்கம் வந்துவிடும். அதனால் 6,000 ரூபாய்க்குள் சைக்கிள். மீதி அதைச் சரிசெய்ய என்று முதலிலேயே பிரித்துவிட வேண்டும்.

செயினைச் சோதிக்க 12 அங்குல ஸ்கேல் ஒன்று போதும். செயினின் ஒரு பின்னுடைய நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12-வது அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வரவேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போனால் புதுச் செயின் தேவை. எட்டில் ஒரு பங்கு தள்ளிப்போனால் பின்னால் இருக்கும் கியர் பற்களும் தேய்ந்திருக்கும். அவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்தச் செலவை விற்பவரிடம் ஸ்கேலோடு காட்டினால் பேரம் தானாகப் படியும்.

இருபத்தெட்டு இன்ச் குழப்பம்

டயர் வாங்கும்போது அப்பாவின் அனுபவம் கொஞ்சம் கவிழ்த்துவிடும். “இருபத்தெட்டு இன்ச் டயர் குடுங்க” என்று அவர் தெருமுனைக் கடையில் கேட்டு வாங்கி வருவார். அது ரோடு பைக்கில் உட்காராது. அவர் காலத்து 28 அங்குல சைக்கிளில், டயர் அமரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. இன்றைய ரோடு பைக்கில் 622 மி.மீ. பழைய 27 அங்குல ரேஸ் சைக்கிளாக இருந்தால் 630 மி.மீ. பழைய டயரின் பக்கவாட்டில் 25-622 என்பது போல எழுதியிருக்கும். அந்த எண்ணைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் குழப்பமே இல்லை.

வால்வும் வேறு மாதிரிதான் இருக்கும். பென்சில் மாதிரி மெல்லியதாக, நுனியில் ஒரு சின்னத் திருகோடு இருப்பதன் பெயர் ‘பிரெஸ்டா’. திருகைத் தளர்த்திய பிறகுதான் காற்று ஏறும். சாதாரண பம்புக்குப் பொருந்த ஒரு சின்ன அடாப்டர் வேண்டும்.

முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

சைக்கிள் வீட்டுக்கு வந்ததும் மகள் பழைய ஹேண்டில் டேப்பைப் பிரித்துப் புது டேப் சுற்றத் தொடங்குவாள். அது கடைசி வேலையாக இருக்கட்டும். முதல் வேலை பிரேக். பல வருடம் நின்ற சைக்கிளில் பிரேக் கட்டை ரப்பர் கல்லாகியிருக்கும். பிரேக் ஒயர் உறைக்குள் துருப்பிடித்திருக்கும். இரண்டையும் மாற்றிவிட வேண்டும். ரிம்மின் பக்கச்சுவர் குழிந்து தேய்ந்திருந்தால் ரிம்மும் மாறவேண்டும். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டுகூட ரிம்மில் விழக் கூடாது. விழுந்தால் பிரேக் வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்துப் பிசுபிசுக்கும். செயின் எண்ணெயை விட்டுச் சில சுற்று சுற்றி, துணியால் துடைத்துவிட்டால் போதும்.

பெடலைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இடது பெடலின் மரை தலைகீழ். வழக்கம்போல் திருப்பினால் இறுகிக்கொண்டே போகும்.

சக்கரம் கோட்டம் எடுப்பதும், ஹப்பைப் பிரித்துக் கிரீஸ் வைப்பதும் தெருமுனை சைக்கிள் கடைக்காரரின் கைக்குப் பழகிய வேலைகள். டயரில் ஏமாந்தாலும் இந்த இடத்தில் அப்பாவின் அனுபவம் கைகொடுக்கும். எந்தக் கடைக்காரருக்குக் கை சுத்தம் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக முறுக்கும்போது மகள் பக்கத்தில் நின்று, “அண்ணே, இதை ஏன் இந்தப் பக்கம் திருப்புறீங்க?” என்று கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

“முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே” என்பது தலைமுறை தலைமுறையாக வரும் எச்சரிக்கை. ஆனால், சைக்கிளை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று இல்லாமல் படிப்படியாகப் பிடிக்கப் பழக வேண்டும். காலி மைதானத்தில் அரைமணி நேரம் இதை மட்டும் செய்தாலே கைக்குப் பிடிபட்டுவிடும். புது ஒயர் சில நாளில் கொஞ்சம் தளரும். ஒரு வாரம் கழித்து ஒயரையும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம். முதல் ஞாயிற்றுக்கிழமை, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை மகள் போகட்டும். இரண்டு பிரேக்கையும் பிடித்து, நினைத்த இடத்தில் நின்று, திரும்பி வரட்டும். வாசலில் நிற்கும் அப்பாவும் ஒரு ரவுண்டு கேட்பார். சீட்டை மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும்.