டிராக்டருக்கு வார்க்கும் நீர்

தாம்பரத்திற்கு மேற்கே மணிமங்கலம், படப்பை முதலிய கிராமங்களில் சொர்ணவாரிப் பட்டத்திற்குச் சேறு கலக்கும் காலம் சித்திரை, வைகாசி மாதங்களாகும். டிராக்டர் யந்திரத்திற்குக் கடினமான வேலை நேருவதும், வெயில் கொடுமையாக இருப்பதும் அதே மாதங்களில்தான். வயல் நடுவே யந்திரம் கொதித்து நின்றுவிட, ஓட்டுபவர் பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் நீர் கொணர்ந்து ரேடியேட்டரில் வார்த்து, மறுபடியும் உழவு தொடங்குவது சாதாரணக் காட்சி. அப்படி வார்க்கும் நீரே அடுத்த முறை யந்திரம் கொதிப்பதற்குக் காரணமாகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடைகளில் கூலண்ட் என்று விற்கப்படும் குளிர்விப்புத் திரவம் பனி நாட்டாருக்கு உரியது, இந்நாட்டிற்கு அது வீண்செலவு என்பது மிராசுதார்களிடையே பரவியுள்ள அபிப்பிராயம். இது முற்றும் ஆதாரமற்றதன்று. அத்திரவத்தின் முக்கியப் பொருளாகிய எத்திலீன் கிளைகோல், 1920-களில் மேல்நாட்டு மோட்டார் வண்டிகளில் வழக்கத்திற்கு வந்தபோது, குளிர்காலத்தில் நீர் உறைந்து வார்ப்பிரும்பு பிளந்துவிடாமல் காக்கும் பொருட்டே வந்தது. சென்னையிலோ பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செண்டிகிரேடு. அதுவும் 1895-லும் 1905-லும் நேர்ந்தது. 2003 மே மாதம் 31-ஆம் தேதி இதே நகரில் வெப்பம் 45 டிகிரியை எட்டியது. உறைபனி இங்கு சத்துரு அன்று. எனினும் பெயரைப் பார்த்துப் பொருளை ஒதுக்குவது பிழையாகும்.

இன்றைய கூலண்டில் கிளைகோலுடன் துருத் தடுக்கும் உப்புகளும் அமிலங்களும் சிறு அளவில் கலந்துள்ளன. வெப்ப தேசத்து யந்திரத்திற்கு இவையே பெரிய அனுகூலம். டீசல் யந்திரத்தின் லைனர் என்னும் உருளைச் சுவர் ஒவ்வொரு வெடிப்பிலும் அதிர்கிறது. அந்த அதிர்ச்சியில் அதனைச் சூழ்ந்த நீரில் நுண்ணிய குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பைப் புள்ளி புள்ளியாக அரிக்கின்றன. கவனியாது விட்டால் துளை விழுந்து, நீர் எண்ணெயோடு கலந்துவிடும். வெறும் நீருக்கு இதனைத் தடுக்கும் சக்தி இல்லை. பாதிக்குப் பாதி கிளைகோல் கலந்த நீர் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதும், ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அதனை இன்னும் உயர்த்தும் என்பதும் சேற்று உழவில் கூடுதல் லாபம்.

கிணற்று நீரே போதும் என்னும் நம்பிக்கை வந்த வழி வேறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை ராஜதானியில் ஆயில் என்ஜின் இறைவையைப் பரப்ப முனைந்த காலமுதல், குடியானவர்கள் அறிந்த யந்திரம் கிணற்றடி யந்திரமேயாகும். அதில் பம்பு இறைக்கும் நீரில் ஒரு சிறு பகுதி யந்திரத்தின் உட்புறம் ஓடி, வெதுவெதுப்பாக வெளியேறி வாய்க்காலில் சேர்ந்துவிடும். டிராக்டரிலோ அதே நீர் அடைபட்டு, திரும்பத் திரும்பச் சூடேறுகிறது. ஆவியாகப் போவது நீர் மாத்திரமே. அதில் கரைந்திருந்த உப்பு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு குடமும் புதிய உப்பைக் கொண்டுவருகிறது. சுண்ணப் படிவு இரும்பைப் போல வெப்பத்தைக் கடத்தாது. அது மெல்லிய தோல் போலப் படிந்தாலும் சிலிண்டர் ஹெட் வெந்து வளைவதற்கு இடமாகும்.

அதிலும் இப்பக்கத்து நீர் எத்தகையது? பரங்கிமலை, பல்லாவரம் முதல் தெற்கே பரவியுள்ள சார்னோகைட் என்னும் கருங்கற்பாறையின் வெடிப்புகளில் ஊறும் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்து உவர்ப்பு சேர்கிறது. குரோம்பேட்டை தன் பெயரையே குரோம் தோல் தொழிற்சாலையால் பெற்றது. அத்தொழிலை இம்மாகாணத்தில் தொடங்கி வைத்தவரும் மேற்கூறிய சாட்டர்டனே. தோல் பதனிடுதலால் அப்பக்கத்து நிலத்தடி நீரில் சேர்ந்த உப்பு குடிப்போருக்கு நன்கு தெரியும். வாயில் வைக்கக் கரிக்கும் நீரை இரும்புக்கு மட்டும் ஏற்றதென்று கருதுவது விந்தையே.

வாங்கும்போது நிறத்தை நம்பலாகாது. பச்சை, சிவப்பு, நீலம் என்பன தயாரிப்பவர் விருப்பப்படி ஊட்டிய சாயங்கள். குப்பியின் மேல் ஐ.எஸ். 5759 என்னும் இந்தியத் தர எண் உண்டா என்றும், டிராக்டரின் கையேட்டில் கூறிய வகை அதுதானா என்றும் பார்க்க வேண்டும். நீர் கலந்தே விற்கும் திரவமாயின் அப்படியே வார்க்கலாம். நீர் கலவாத சாரமாயின், குப்பியில் குறித்த விகிதப்படி காய்ச்சி வடித்த நீரில் கலக்க வேண்டும். கிணற்று நீரில் கலந்தால் துருத் தடுக்கும் பொருள்களில் சில சுண்ணத்தோடு கூடி வண்டலாகிவிடும். பணம் கொடுத்து வாங்கியது பயனற்றுப்போகும். அதிகம் வார்த்தால் அதிக நன்மை என்று தனிச் சாரத்தை நிரப்புவதும் கேடே. கிளைகோல் நீரைப் போல வெப்பத்தைச் சுமக்காது. வேறு வகைத் திரவம் முன்பே இருந்தால் அதனோடு சேர்க்காமல், முழுவதும் வடித்து, உட்புறத்தைக் கழுவிய பிறகே புதியதை வார்க்க வேண்டும். அவசரத்தில் வேறு வழி இல்லாதபோது, முதல் மழை நின்றபின் பெய்யும் மழையைச் சுத்தமான பாத்திரத்தில் ஏந்தி வைத்த நீர் கிணற்று நீரைவிட எவ்வளவோ மேல்.

வெப்ப நாட்டில் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறியும் பட்டறைக்காரர்களும் உளர். அது இல்லாத யந்திரம் உரிய சூட்டை அடைய நேரமாவதால் தேய்மானம் மிகும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வைக்கோல் தூசும் சேறும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்திருந்தால் எவ்வளவு உயர்ந்த கூலண்டும் பயன் தராது.

ஒன்றை மாத்திரம் அழுத்திக் கூறவேண்டும். எத்திலீன் கிளைகோல் இனிப்பான விஷம். சிந்திக் கிடப்பதை நாயோ கன்றோ நக்கினால் அது உடலில் ஆக்ஸாலிக் அமிலமாகி, சிறுநீரகத்தை அழிக்கும். பழைய திரவத்தை வாய்க்காலிலும் ஏரியிலும் கொட்டலாகாது. சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கே செல்கிறது. குடிநீர்ப் புட்டிகளில் மிச்சத்தை ஊற்றி வைக்கும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும்.

தனியார் டிராக்டரை உடையவர் தம் நஷ்டத்தைத் தாமே உணர்வார். ஊராட்சி வண்டிக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் வாடகை டிராக்டருக்கும் அத்தகைய உடையவர் இல்லை. ஓட்டுபவர் மாறுவார், எவர் எந்த நீரை எப்போது வார்த்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. டீசல் வாங்கியதைக் கணக்கில் எழுதும் உத்தியோகஸ்தர்கள், கூலண்ட் மாற்றிய தேதியையும் அதன் வகையையும் அதே பதிவேட்டில் ஒரு வரியில் எழுதுவது எளிது. அடுத்த சொர்ணவாரி உழவுக்கு முன்பே, பங்குனியில், அவ்வண்டிகளின் ரேடியேட்டரைத் திறந்து பார்த்து, துரு நிறத்தில் நீர் இருந்தால் அன்றே வடித்துவிட உத்தரவிடலாம்.